வாடகைக் கார் ஓட்டுநர்களுக்குச் சங்கம்: பேரம் பேசும் உரிமை வந்துவிட்டது, பேசப்போவது யார்?

கிராப் காரில் ஏறுகிறீர்கள். கட்டணம் 18 வெள்ளி என்று செயலி காட்டுகிறது. அதில் ஓட்டுநர் கைக்கு எவ்வளவு போகும்? அதை முடிவுசெய்வது நீங்களும் இல்லை, அவரும் இல்லை.

"அவர் சுயமா தொழில் பார்க்கிறவர்தானே, அவருக்கு எதுக்குச் சங்கம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுயதொழில் செய்பவர் தம் விலையைத் தாமே வைப்பார். இங்கே விலை வைப்பதும் பயணியைக் கொடுப்பதும் நிறுவனத்தின் மென்பொருள்.

அதனால்தான் சிங்கப்பூர் ஒரு நடுவழிக்குப் போனது. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தளம்சார் ஊழியர் சட்டம், தனியார் வாடகைக் கார், டாக்சி ஓட்டுநர்கள், விநியோக ஊழியர்கள் என ஏறக்குறைய 70,000 பேரைத் தனிப் பிரிவாக்கியது. முழு ஊழியரும் அல்ல, முழுச் சுயதொழிலரும் அல்ல.

சட்டம் என்றதும் பலரும் பேசுவது வேலையிடக் காய இழப்பீடு, மத்திய சேமநிதி பற்றித்தான். (1995 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு உயர்த்தப்பட்ட சந்தா கட்டாயம்; நிறுவனமும் தன் பங்கைப் போடவேண்டும். உணவு விநியோகம் செய்யும் நண்பர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.) அதிகம் பேசப்படாதது மூன்றாவது பகுதி: கூட்டாகப் பேரம் பேசும் உரிமை.

முன்பும் சங்கங்கள் இருந்தன. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸுடன் இணைந்த தேசியத் தனியார் வாடகைக் கார் சங்கம் ஓர் உதாரணம். நிறுவனத்தோடு புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான். பேச மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது சங்கத்தை நிறுவனம் நேரடியாக அங்கீகரிக்கலாம். இல்லையென்றால் ரகசிய வாக்கெடுப்பு. தகுதியுள்ளவர்களில் குறைந்தது 20 விழுக்காட்டினர் வாக்களித்து, அதில் பெரும்பான்மை கிடைத்தால் போதும். பிறகு எட்டப்படும் உடன்பாடு சட்டப்படி கட்டுப்படுத்தும்.

20 விழுக்காடு சின்ன எண் மாதிரி தெரிகிறதா? தொழிற்சாலை என்றால் வாசலில் நின்று துண்டறிக்கை கொடுக்கலாம். இவர்களுக்கு வாசலே இல்லை. ஒருவர் வாடகைக்கு எடுத்த காரின் செலவை ஈடுகட்ட 12 மணி நேரம் ஓட்டுகிறார். இன்னொருவர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் இரண்டு சவாரி எடுக்கிறார். முதலாமவருக்கு வேண்டியது நிலையான வருமானம். இரண்டாமவர், "என் நேரத்தில் கைவைக்காதீங்க" என்பார். ஒரே சங்கம் இருவருக்கும் பேசவேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற சட்டப்படி, 5 விழுக்காட்டு ஓட்டுநர்களின் ஆதரவைக் காட்டினாலே சங்கத்துக்கு ஓட்டுநர் பட்டியல் கிடைக்கும். பேரம் பேச 25 விழுக்காடு வேண்டும். முதலில் ஆளைக் கண்டுபிடிக்கணுமே!

உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூர்ச் சட்டம் நடப்புக்கு வந்தபோதே கிராப் தன் தளக் கட்டணத்தை 20 காசு உயர்த்தியது. நாளை ஓட்டுநர்கள் பேரம் பேசி வாங்கும் கூடுதல் வெள்ளி நிறுவனத்தின் லாபத்திலிருந்து வருமா, உங்கள் 18 வெள்ளி 19 ஆகுமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை.