வாராக் கடன்

எங்கள் வீட்டு லாப்ரடார் குட்டிக்கு ஏழு மாசம். பெயர் ஜிம்மி. வாங்குவதில் சூரன். திருப்பிக் கொடுப்பதில் மட்டும் கொஞ்சம் தயக்கம். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்குப் பெயர் வாராக் கடன். என் இடது கால் செருப்பு, பையனின் கணக்கு நோட்டு, பக்கத்து வீட்டு மாமியின் தேங்காய் மூடி எல்லாம் அந்தத் தலைப்பில் எழுதப்பட்டாயிற்று.

இத்தனைக்கும் திருப்பிக் கொடுப்பதுதான் இதன் பரம்பரைத் தொழில். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து பிரிட்டன் போய், அங்கே பிரபுக்கள் சுட்டு வீழ்த்திய பறவைகளைப் பல் படாமல் கவ்வி வந்து கையில் ஒப்படைத்த வம்சம். இன்றைக்கும் அங்கே நடக்கும் போட்டிகளில், நாய் கொண்டுவந்த பறவையின் விலாவை நடுவர் விரலால் தடவிப் பார்ப்பார். நாய் கடித்து நொறுக்கியிருந்தால் ஆட்டம் க்ளோஸ்.

அந்த நாய்களைப் பழக்கும் முறையைப் படித்தபோதுதான் தெரிந்தது, குற்றவாளி ஜிம்மி இல்லை, நான். 'டேய், விடுடா!' என்று துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. பிடித்து இழுத்தாலோ, இழுக்க இழுக்க இறுக்கும். விலா நொறுங்குவது அந்த இறுக்கத்தில்.

அவர்கள் செய்வது நேர் தலைகீழ். குட்டி எதையாவது கவ்வியதும் எதிர்த் திசையில் நடப்பார்கள். துரத்துகிற வேலை குட்டிக்கு! வந்ததும் பிடுங்குவதில்லை. பொருள் வாயில் இருக்கும்போதே மார்பைத் தடவி ஒரு சபாஷ். பிறகு பொருளை இழுக்காமல், ஆட்டாமல் சும்மா பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை. தாடை தளர்ந்ததும் வாங்கி, சில சமயம் அதனிடமே திருப்பித் தந்துவிடுவார்கள். கொடுத்தால் போய்விடாது என்று அதற்கு நம்பிக்கை வர வேண்டுமாம். முதலில் கித்தான் பொம்மை, அப்புறம் இறக்கை கட்டிய பொம்மை, பிறகு செத்து ஆறிய பறவை. சூடான பறவை கடைசியில்தான்.

பிஸ்கட் காட்டி வாங்கினால் என்ன? செய்கிறவர்கள் உண்டு. ஆனால் பிஸ்கட் ஞாபகத்தில் பத்தடி முன்னாலேயே துப்பிவிட்டு ஓடி வரும். உயிர் இருக்கிற பறவையென்றால் எழுந்து ஓடிவிடும்.

மூன்று வாரம் பழைய சாக்ஸும் 'கொடு' என்ற வார்த்தையுமாக நான் முற்றத்தில் பின்பக்கமாக நடந்தேன். மாடி வீட்டுக்காரர் என் மனைவியிடம் தனியாக விசாரித்தாராம்.

போன ஞாயிறு, கொய்யா மரத்தடியில் விழுந்த மைனாக் குஞ்சு ஜிம்மியின் வாயில். தலைக்கு மேல் இரண்டு மைனாக்கள் கத்துகின்றன. பையன், "அப்பா, பிடுங்குப்பா!" என்று அழுகிறான். என் காலும் துரத்தத்தான் துடித்தது. திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தேன். பின்னால் வருகிறதா இல்லையா, மைனாக்கள் போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தேன்.

முழங்காலில் ஈர மூக்கு. மார்பைத் தடவினேன். கை நடுங்கியது.

"கொடு."

எச்சிலில் நனைந்த ஒரு சூடு உள்ளங்கையில் விழுந்தது. துடித்துக்கொண்டிருந்தது. பையன் கொய்யாக் கிளையில் வைத்தான். ஜிம்மியை உள்ளே கட்டிய ஐந்தாவது நிமிஷம் தாய் மைனா புழுவோடு வந்துவிட்டது.

இடது கால் செருப்பு மட்டும் இன்னும் வசூலாகவில்லை.