வாளியில் மணல் இருக்கிறதா?

பழைய சினிமா தியேட்டர்களில் டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும். 'தீ' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். எட்டிப் பார்த்தால் பாதி வாளிகளில் மணல் இருக்காது. பீடித் துண்டும் வெற்றிலை எச்சிலும்தான். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் வாளிகளை எண்ணுவார். ஆறு இருக்க வேண்டும், ஆறு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

நம் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பேக்கப்புக்கு நடக்கும் ஆடிட்டும் பெரும்பாலும் இந்த வாளி எண்ணும் வேலைதான். 'பேக்கப் எடுக்கப்படுகிறதா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. 'ஆம்' என்று ஒரு டிக். எடுத்தது திரும்பி வருமா என்று யாரும் கேட்பதில்லை.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டியது. 2025 செப்டம்பர் 26 இரவு டேஜான் நகரில் இருக்கும் அரசாங்க டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி ஒன்று தீப்பிடித்தது. முழுக்க அணைக்கக் கிட்டத்தட்ட 22 மணி நேரம் ஆயிற்று. ஐந்தாவது மாடியில் 96 அரசு சிஸ்டங்கள் எரிந்தன. அவற்றில் ஒன்று ஜி-டிரைவ். அரசு ஊழியர்களுக்கென்றே கட்டிய கிளவுட் அது. 2018-லிருந்து, 'ஆபீஸ் ஃபைல்களை உங்கள் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், இங்கே போடுங்கள்' என்று சொல்லி ஆளுக்கு 30 ஜிகாபைட் இடம் கொடுத்திருந்தார்கள். எரிந்தது 858 டெராபைட். வெளியே ஒரு காப்பி இல்லை. மற்ற சிஸ்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறிடத்தில் பேக்கப் இருந்தது. ஜி-டிரைவுக்கு மட்டும் ஏன் இல்லை என்றால், கொள்ளளவு ரொம்பப் பெரிசாம், அதனால் முடியவில்லையாம்.

கணக்குப் போடுவோம். இன்று கடையில் கிடைக்கும் 20 டெராபைட் டிஸ்க் 43 வாங்கினால் 858 அடங்கிவிடும். டிஸ்க் வாங்கினால் மட்டும் பேக்கப் ஆகிவிடாது என்பது எனக்கும் தெரியும். சர்வர், ஆள், கரண்ட், இன்னொரு கட்டடம் எல்லாம் வேண்டும். அதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு அரசாங்கத்துக்கு இது 'முடியாத' செலவா?

இதில் கொடுமை, சொன்ன பேச்சைக் கேட்டவர்களுக்குத்தான் பலத்த அடி. எல்லா ஃபைலையும் ஒழுங்காக ஜி-டிரைவில் போட்டு வந்த பணியாளர் நிர்வாக அமைச்சகம்தான் அதிகம் இழந்தது. கம்ப்யூட்டரிலும் இமெயிலிலும் அச்சடித்த தாளிலும் மிஞ்சியதைப் பொறுக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் 2022 அக்டோபரில் தனியார் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து காகாவோ டாக் முடங்கியபோது, தனியார் கம்பெனிகள் மாற்று ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திய நாடு அது. ஊருக்குத்தான் உபதேசம்.

'எங்களிடம் தினமும் ரிப்போர்ட் வருகிறதே' என்பவர்களுக்கு இன்னொரு கதை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற கம்பெனியில், இரவு வெகுநேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த எஞ்சினியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது நாலரை. பரவாயில்லை, காப்பாற்றிக்கொள்ள ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றும் நம்பியபடி வேலை செய்யவில்லை! பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலி. சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல அனுப்பிய இமெயில்களை மெயில் சர்வரே நிராகரித்துவிட்டது. யாருக்கும் எதுவும் வரவில்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அதே எஞ்சினியர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த காப்பிதான் மானத்தைக் காப்பாற்றியது. இவ்வளவையும் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். நம் ஊரில் யாராவது எழுதுவார்களா?

நம் ஊர் உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

"தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுது சார். ரிப்போர்ட்டைப் பாருங்க, எல்லாம் பச்சை."

"போன தீபாவளிக்கு முன்னாடி அக்கவுன்ட்ஸ் மேடம் தெரியாம அழிச்ச ஃபைல் ஒண்ணைத் திருப்பி எடுத்துக் குடுங்க, பார்ப்போம்."

"அதெல்லாம் மேல பர்மிஷன் வாங்கணும் சார்..."

'கிளவுடில் இருக்கிறது, கவலை இல்லை' என்பது அடுத்த மூடநம்பிக்கை. கம்ப்யூட்டரில் இருப்பது அப்படியே கிளவுடிலும் தெரிகிறதே, அதன் பெயர் 'சிங்க்'. கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரி. நீங்கள் மொட்டை அடித்துக்கொண்டால் அதுவும் மொட்டை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கொஞ்ச நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், பிறகு அதுவும் போகும்.

கிளவுட் கம்பெனியே தவறு செய்யாதா? செய்யும். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் யூனிசூப்பரின் கிளவுட், கூகுள் தரப்புப் பிழையால் அழிந்துபோனது. உறுப்பினர்கள் ஒரு வாரம் போலக் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் மீண்டது. இன்னொரு கம்பெனியிடம் தனியாக பேக்கப் வைத்திருந்தார்கள். அங்கே வாளியில் மணல் இருந்தது.

ஆகவே பச்சை டிக் ரிப்போர்ட் என்னும் ஏட்டுச் சுரைக்காய் போதும். கறிக்கு ஆகிற ரிப்போர்ட்டில் நாலு வரி இருந்தால் போதும். ஆபீஸில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருடைய ஃபைல்களுக்கு பேக்கப் இருக்கிறது, விட்டுப்போனவர்கள் யார்? காப்பி வேறு கட்டடத்தில், வேறு பாஸ்வேர்டில் இருக்கிறதா? இந்த மாதம் எத்தனை நாள் தோற்றது, அது யாருக்குத் தெரிந்தது? கடைசியாக, குலுக்கிப் போட்டு எடுத்த ஒருவருடைய மூன்று மாதப் பழைய ஃபைல் திரும்பி வந்ததா, எவ்வளவு நேரத்தில்? இதைச் சரிபார்ப்பவர் பேக்கப் எடுப்பவராக இருக்கக் கூடாது. பரீட்சை எழுதினவரே பேப்பர் திருத்தினால் எல்லோரும் நூற்றுக்கு நூறுதான்.

அந்த ரிப்போர்ட் மேனேஜர் மேஜையோடு நின்றுவிடவும் கூடாது. ஃபைல் உங்களுடையது, அது பத்திரமா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நாளைக்கே ஆபீஸில் போய், பழைய ஃபைல் ஒன்றைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும். எரிந்த பிறகு வாளியை எட்டிப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.