கூவுற மைக்கும் ஒரு ஷூகேஸ் கச்சேரியும்

ரெண்டு வாரமா இதை எழுதணும்னு உட்கார்றேன், எந்திரிச்சுப் போயிடறேன். நேத்து நண்பர் ஒருத்தர் போன்ல "அந்த இரைச்சலை எல்லாம் இசைன்னு சொல்லிக்கிட்டுத் திரியாதேய்யா"ன்னு சிரிச்சார். சரி, இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதுன்னு உட்கார்ந்துட்டேன்.

விஷயம் இதுதான். போன மாசம் எங்க ஊர்ல, அதாவது அடி அண்ணாமலையில, ஒரு எலக்ட்ரானிக் - ஷூகேஸ் கச்சேரி நடந்துச்சு. (ஷூகேஸ்னா செருப்பு வைக்கிற பெட்டி இல்லீங்க. விளக்கம் கீழ வருது.) கிரிவலப் பாதையிலேர்ந்து உள்ளே போற சந்துல ஒரு மாடி வீடு. மேல கீத்துக் கொட்டகை போட்ட ஹால். சீசனுக்கு வந்து தங்கற வெள்ளைக்காரங்க, பெங்களூர்லேர்ந்து வந்த பசங்க, எல்லாம் சேர்த்து ஒரு நாப்பது பேர் இருக்கும். வாசிக்க வந்தது மூணு பேர். எங்க அக்கா பையன் அவங்களுக்கு ஒயர் இழுத்து உதவி பண்ணப் போயிருந்தான். "மாமா, சும்மா வாங்க"ன்னான். நானும் போனேன். போகும்போது சித்தப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

சித்தப்பா யாருன்னு சொல்லிடறேன். 1980லேர்ந்து நாப்பது வருஷம் மைக் செட் வெச்சிருந்தவர். எங்க பக்கம் காதுகுத்து, கூழ் ஊத்தறது, கல்யாணம், காரியம்னு எதுவா இருந்தாலும் விடியக்காலையில முதல்ல வர்றது அவர் மாட்டுவண்டிதான். அப்புறம் டிவிஎஸ் வண்டி, அப்புறம் மினி வேன். தென்னை மரத்து உச்சியில குழாயைக் கட்டிட்டு இறங்குவார் பாருங்க, கவர்னர் கொடியேத்திட்டு இறங்கற மாதிரி இருக்கும். பௌர்ணமிக்குப் பாதை நெடுக அவர் குழாய்தான். பதினாலு கிலோமீட்டர் சுத்தறவங்க, கோயிலுக்குப் பின்பக்கம் எங்க ஊருக்கு வந்து சேரும்போது நடுராத்திரி ஆகியிருக்கும். அப்பவும் சித்தப்பா ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பார். தூங்க மாட்டார். ஏன்னா கூவிடும்.

மைக் செட் பிழைப்புல இருக்கிறவங்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் மறுபடி மைக்குக்குள்ள போகும், அது பெருசாகி மறுபடி ஸ்பீக்கர்ல வரும், அது இன்னும் பெருசா மைக்குக்குள்ள போகும். ஒரு நொடி கூட ஆகாது, "ஊய்ய்ங்"னு ஒரு கூவல் கிளம்பி தாலி கட்டற நேரத்துல ஐயரே மந்திரத்தை நிறுத்திடுவார். கூட்டமே திரும்பி மைக் செட்காரரைத்தான் பார்க்கும். சித்தப்பா வாழ்நாள் முழுக்க அந்தக் கூவலை அடக்கறதுக்காகவே வலது கையை ஒரு திருகு மேல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவர்.

இப்ப கச்சேரிக்கு வருவோம்.

ஒருத்தர் லேப்டாப், சின்ன கீபோர்டு, மிக்சர். ஒருத்தர் கிட்டார். ஒரு பொண்ணு கிட்டாரும் பாட்டும். தரையில ஒரு பலகை நிறைய பெடல்கள், அதுக்கு நடுவுல ஒயருங்க நெளிஞ்சுகிட்டுக் கிடந்துச்சு. ஷூகேஸ்ங்கற பேர் வந்ததே இதனாலதான். 1990களோட தொடக்கத்துல இங்கிலாந்துல இந்த மாதிரி வாசிச்சவங்க கூட்டத்தைப் பார்க்காம காலுக்குக் கீழ இருக்கிற பெடலையே பார்த்து மிதிச்சுக்கிட்டு இருந்தாங்க. "தன் செருப்பையே பார்த்துக்கிட்டு நிக்கறவங்க"ன்னு அங்க பத்திரிகைக்காரங்க கிண்டலா வெச்ச பேர், அப்படியே நிலைச்சிடுச்சு. மை ப்ளடி வேலன்டைன்னு ஒரு குழு 1991-ல் 'லவ்லெஸ்'னு ஒரு ஆல்பம் போட்டாங்க. இந்தப் பாணிக்கு அதுதான் தாய்வீடு. ஸ்லோடைவ்னு இன்னொரு குழு. 1995-ல் அவங்க கம்பெனியே அவங்களைக் கழட்டி விட்டுடுச்சு. 2014-ல் திரும்பச் சேர்ந்தாங்க. இன்னைக்கு அவங்களைக் கேக்கற பசங்கள்ல பாதி பேர் 1995-ல் பொறக்கவே இல்லை.

முதல் பாட்டு ஆரம்பிச்சு மூணு நிமிஷம் இருக்கும். அந்தக் கிட்டார்க்காரர் நேரா போய் ஸ்பீக்கர் பொட்டி முன்னால நின்னு கிட்டாரை அதுக்குக் காட்டினார். கூவ ஆரம்பிச்சுது.

சித்தப்பா எந்திரிச்சுட்டார். "இன்னாடா இது, கூவுது பாரு, யார்ரா செட்டுல உட்கார்ந்திருக்கறது"ன்னு மிக்சரை நோக்கி நடக்கறார். நான் பின்னாடி ஓடிப்போய் சட்டையைப் பிடிச்சு இழுத்து, "சித்தப்பா, வேணும்னேதான் பண்றாங்க"ன்னு காதுல கத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! வேணும்னே சோத்துல மண்ணை அள்ளிப் போடறாங்கன்னு சொன்னா எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

ஆனா உட்கார்ந்தவர் கண்ணை எடுக்கலை. அந்த ஆள் கிட்டாரைக் கொஞ்சம் திருப்பினா கூவல் இறங்குது. ஒரு அடி பின்னால போனா வேற சுருதிக்குப் போகுது. காலால ஒரு பெடலை அமுக்கினா அது நாலா மடங்கி எதிரொலியா வருது. கீழ லேப்டாப்லேர்ந்து ஒரே ஒரு சுரம் ரீங்காரமா போய்க்கிட்டே இருக்கு, அந்தக் கூவல் அதுல போய் உட்காருது. பத்து நிமிஷம் கழிச்சு சித்தப்பா என் தொடையில தட்டிச் சொன்னார்: "பரவால்லடா, அடக்கத் தெரிஞ்சவன்தான் விட்டு புடிக்கிறான்."

நண்பருக்கு என் பதிலும் இதுதான். இரைச்சல்னா யார் கையும் மேல இல்லாத சத்தம். கோயில் திருவிழாவுக்கு லாரியில அடுக்கிக் கொண்டு வர்ற டிஜே பொட்டியில சினிமாப் பாட்டே ஓடினாலும் எனக்கு அது இரைச்சல்தான், ஏன்னா அங்க ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டு இல்லை. திருகை முழுசாத் திருப்பிட்டு டீ குடிக்கப் போயிடறாங்க. அந்தக் கொட்டகையில மூணு பேரும் ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நாப்பது பேர் உட்கார்ந்த இடங்கறதால நாங்களும் அந்தக் கையையும் காலையும் பார்த்துக்கிட்டே கேட்டோம். பெரிய மைதானத்துல இது நடக்காது. அங்க கிட்டார்க்காரர் எறும்பு மாதிரி தெரிவார், கூவல் மட்டும்தான் நம்மகிட்ட வரும்.

இன்னொரு குற்றச்சாட்டு, இது "வெளிநாட்டுச் சமாச்சாரம்"ங்கறது. அட, 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல டேவிட் ட்யூடர் வந்து மூக் சின்தசைசரை வெச்சு எலக்ட்ரானிக் இசைக்கூடம் அமைச்சுக் கொடுத்திருக்கார். நம்மாளுங்க அதுல பதிவு பண்ணின நாடாக்கள் பல வருஷம் அலமாரியில தூங்கி 2023-ல்தான் ஆல்பமா வெளிவந்துச்சு. பம்பாய் சரண்ஜித் சிங் 1982-ல் ராகங்களை டிரம் மெஷின் மேல ஏத்தி ஒரு ரெக்கார்டு போட்டார். 1986 'புன்னகை மன்னன்'ல ராஜா கம்ப்யூட்டர் வெச்சு இசையமைச்சது நம்ம எல்லாருக்கும் தெரியும். அதெல்லாம் விடுங்க. 1970களோட கடைசியில பெங்களூர் ராஜ் நாராயண் எலக்ட்ரானிக் தம்புரா பண்ணினாரே, அது இன்னைக்கு எத்தனை பாட்டு வாத்தியார் வீட்டு பூஜை ரூம்ல நாள் பூரா ரீங்காரம் போட்டுக்கிட்டு இருக்கு! ஒரே சுரத்தை மின்சாரத்துல ஓடவிட்டு அதுக்கு மேல உட்கார்றது நமக்குப் புதுசா என்ன?

சரி, இதுவரைக்கும் சிரிப்பா எழுதிட்டேன். அடுத்தது சிரிப்பு இல்லை.

மூணாவது பாட்டு. அந்தப் பொண்ணு பாடுது. குரல் கிட்டாருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. ஆ, ஓ, ஈன்னு இழுப்பு மட்டும் வருது, வார்த்தை ஒண்ணும் பிடிபடலை. இந்தப் பாணியே அப்படித்தான், குரலையும் ஒரு வாத்தியமா கலந்து விட்டுடுவாங்க. எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பாட்டு முடிஞ்சதும் சித்தப்பாகிட்ட "ஒரு வார்த்தை புரியலையே"ன்னேன்.

அவர் சொன்னார்: "எனக்குப் பத்து வருஷமா எல்லாரும் இப்படித்தான்டா பேசறாங்க."

அவருக்குக் காது போனது வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா எப்படிப் போச்சுன்னு நாங்க யாரும் யோசிச்சதில்லை. சத்தத்தால கெடற காது முதல்ல மேல் ஸ்தாயியைத்தான் இழக்கும், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஆரம்பிக்கும்னு அவரைப் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். ச, த, க, ப எல்லாம் மங்கிடும். அ, ஆ, ஓ எல்லாம் மிச்சம் இருக்கும். சத்தம் கேக்கும், சொல் கேக்காது. நாங்க என்னடான்னா "கேக்குதுல்ல, அப்புறம் ஏன் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க"ன்னு அவர்கிட்ட எரிஞ்சு விழுந்துக்கிட்டு இருந்தோம். நானும்தான். அந்தக் குழாய்க்கு அடியும் கிடையாது நுனியும் கிடையாது, மனுஷக் காது எங்க ரொம்பக் கூர்மையோ அந்த நடுவுல மட்டும்தான் அலறும். அதனாலதான் ரெண்டு ஊர் தாண்டிக் கேக்குது. அதுக்குக் கீழதான் அவர் நாப்பது வருஷம் உட்கார்ந்திருந்தார்.

இப்ப காதுல மெஷின் வெச்சிருக்கார். அதைக் கையால மூடினா என்ன ஆகும் தெரியுமா? கூவும். அதே கூவல்தான். ஒரு குட்டி மைக், ஒரு குட்டி ஸ்பீக்கர், நடுவுல இடைவெளி பத்தலை. கச்சேரிக்கு நடுவுல அதைக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டார். அப்புறம் சுவரோரமா நகர்ந்து போய் பொட்டி வெச்சிருந்த பலகையில உள்ளங்கையை வெச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். லேப்டாப் ரீங்காரம் பலகை வழியா வந்திருக்கணும். நான் கேக்கலை.

அதனால எனக்குக் கோபம் அந்த இசை மேல இல்லை. நடத்தினவங்க மேல. சந்துல இருக்கிறவங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னு ஜன்னலுக்கெல்லாம் மெத்தையும் போர்வையும் தொங்கவிட்டிருந்தாங்க, சரியா பத்து மணிக்கு முன்னாடி நிறுத்தினாங்க, பாராட்டறேன். ஆனா உள்ள இருந்த நாப்பது பேர் காதுக்கு ஒண்ணும் இல்லை. காதடைப்பான் எங்கேயாவது வெச்சிருக்கீங்களான்னு கேட்டா, "ஃபீல் போயிடும் ப்ரோ"ன்னு பதில். ஃபீலாம்! 2008-ல் மை ப்ளடி வேலன்டைன் திரும்ப மேடையேறினப்ப, உலகத்துலேயே சத்தத்துக்குப் பேர்போன குழு, வாசல்லேயே எல்லாருக்கும் காதடைப்பான் கொடுத்துத்தான் உள்ள விட்டாங்க. யாருக்கும் ஃபீல் போகலை.

கணக்கு சிம்பிள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100-க்குப் போனா பதினஞ்சே நிமிஷம். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இசைக்கூடங்களுக்குன்னே ஒரு வழிகாட்டி போட்டுச்சு. சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, மீட்டர் வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கணும், காதடைப்பான் கிடைக்கணும், சத்தம் இல்லாம கொஞ்ச நேரம் போய் உட்கார ஒரு மூலை இருக்கணும்னு. நம்ம ஊர்ல 2000-த்துல வந்த ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்து மணி, குடியிருப்புக்குப் பகல்ல 55 டெசிபல்னு வெளியே இருக்கிறவங்களைப் பத்திப் பேசுது. அது நியாயம். ஆனா ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலேயே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பத்தி யார் பேசறது? கூம்பு ஸ்பீக்கரைக் கழட்டச் சொல்லி கோர்ட்டே எத்தனையோ தடவை சொல்லியாச்சு. கழட்டின இடத்துல வந்தது லாரி டிஜே. அதுக்குக் கீழ உட்கார்ந்திருக்கிற பையனுக்குப் பதினெட்டு வயசு கூட இருக்காது.

முன்னூறு ரூபா டிக்கெட் போடறீங்க இல்ல? அதுலயே ஒரு ஜோடி நுரை அடைப்பானைச் சேர்த்துக் கொடுங்க. ஒரு டீ, ஒரு போண்டா விலை. இல்லேன்னா டிக்கெட்டை முன்னூத்தி இருபதா ஏத்துங்க, நான் கொடுக்கறேன்.

அக்கா பையன்கிட்ட இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். பாவம், அவன் என்ன பண்ணுவான். அடுத்த வாரம் பெங்களூர்லேர்ந்து ஒரு டப்பா வாங்கிட்டு வந்தான். ஆரஞ்சு கலர்ல ஐம்பது ஜோடி. சித்தப்பா ஒண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், "இது அப்ப இருந்திருந்தா கூட வெச்சிருக்க மாட்டேன்டா, கூவினா எப்படித் தெரியும்"ன்னார். சொல்லிட்டு, பத்து ஜோடியைப் பிரிச்சு வேட்டி மடிப்புல சுத்திக்கிட்டார்.

யாருக்குன்னு பௌர்ணமி அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பாதையோரம் அன்னதானப் பந்தல்ல செட் போட்டுக்கிட்டு இருந்த பசங்க பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருத்தன் காதுல ஆரஞ்சு. இன்னொருத்தன் அதை வாங்கிச் சட்டைப் பாக்கெட்ல குத்தி வெச்சிருந்தான், பேட்ஜ் மாதிரி. சித்தப்பா அவனைத் திட்டிக்கிட்டு இருந்தார். அவன் என்ன பதில் சொன்னான்னு அவருக்குக் கேக்கலை. எனக்கும் அந்தச் சத்தத்துல கேக்கலை.