இலேசான துப்பாக்கி யாருக்கு நல்லது?

படிவம் 4 இயற்பியலில் உந்தம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் துப்பாக்கிக் கணக்கு ஒன்றும் கூடவே வரும். குண்டு 10 கிராம், வேகம் நொடிக்கு 800 மீட்டர், ரைபிளின் எடை 4 கிலோ. சுட்டதும் ரைபிள் எவ்வளவு வேகத்தில் பின்னால் வரும்? மாணவர்கள் பெருக்கி, வகுத்து, நொடிக்கு 2 மீட்டர் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். இந்த ஆண்டு பின்வரிசை மாணவன் ஒருவன் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், 4 கிலோவைத் தூக்கிக்கிட்டு யாரு நடக்கிறது? 2 கிலோவுல செஞ்சா என்ன?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாடத்தில் கேட்கவேண்டிய கேள்வியே அதுதான். ஆனால் நாம் அதைக் கேட்பதில்லை.

2 கிலோவில் செய்தால் என்ன ஆகும்? பின்னுதைக்கும் வேகம் நொடிக்கு 4 மீட்டராகிறது, இரண்டு மடங்கு. ஆற்றலைக் கணக்கிட்டால் 4 கிலோ ரைபிள் தோளுக்குக் கொண்டுவருவது 8 ஜூல், 2 கிலோ ரைபிள் கொண்டுவருவது 16 ஜூல். எடையில் பாதியைக் குறைத்தவர் தோளில் இரண்டு மடங்கு வாங்கிக்கொள்கிறார். உண்மையான அடி இதைவிடவும் பெரிது. எரிந்த வெடிமருந்தின் வாயு குண்டைவிட வேகமாகக் குழலிலிருந்து பாய்கிறது, அதற்கும் உந்தம் உண்டு. தேர்வுக் கணக்குகள் வாயுவைக் கண்டுகொள்வதில்லை.

இன்னொன்றையும் மாணவர்களிடம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். குண்டு 60 செண்டிமீட்டர் குழலைக் கடந்து வெளியேறுவதற்குள் துப்பாக்கி எவ்வளவு நகர்ந்திருக்கும்? 4 கிலோவுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர், 2 கிலோவுக்கு 3 மில்லிமீட்டர். குண்டு உள்ளே இருக்கும்போதே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. பிடியில் சிறு கோணல் இருந்தாலும் இலேசான துப்பாக்கி அதைப் பெரிதாக்கிக் காட்டும். அடிக்குப் பயந்து, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வேறு சேர்ந்துகொண்டால் குறி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, எடையை எங்கே குறைப்பது? தோளில் பதியும் கட்டையை மரத்திலிருந்து கார்பன் நாருக்கு மாற்றலாம், அது எளிது. அதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் கைவைக்க வேண்டியது குழலில்தான். ஒரு கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. திண்மக் கம்பி என்று வைத்துக்கொண்டால், விட்டத்தை 10 விழுக்காடு குறைக்கும்போது எடை 19 விழுக்காடு குறையும், விறைப்போ 34 விழுக்காடு குறைந்துவிடும். மெல்லிய குழல் விரைவில் சூடேறும். சூடேறினால் வளையும், அடுத்தடுத்த குண்டுகள் இடம் மாறி விழும். மலையேறி மான் வேட்டையாடுபவருக்கு இது பொருட்டல்ல. அவர் நாள் முழுதும் நடந்து ஒரே ஒரு முறை சுடுகிறார். அவர் இலேசான துப்பாக்கியைத் தேடுவது முற்றிலும் நியாயம். (நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. எனக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. கணக்குப் போட உரிமம் வேண்டாம்.)

ஆசை மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதற்கு 1957இல் அமெரிக்காவில் ஒரு பாடம் கிடைத்தது. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர்.-10 ரைபிளை, விமான நிறுவனமொன்றின் கிளையான ஆர்மலைட் செய்தது. விமானக்காரர்களுக்கு எடை என்றாலே எதிரி. உடற்பகுதியை அலுமினியத்தில் செய்தார்கள், அது நன்றாகவே வேலை செய்தது. அதோடு நிற்காமல், எஃகுக் குழாயின் மேல் அலுமினியக் கலவையைப் போர்த்திய குழலையும் பொருத்தினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையின் கடும் சோதனையில் அந்தக் குழல் வெடித்தது. பிறகு எஃகுக் குழலுக்கே திரும்பினார்கள். அதே ஸ்டோனரின் வடிவமைப்பு சிறிய தோட்டாவுடன் எம்-16 ஆகி, பின்னர் நம் இராணுவத்தின் கைக்கும் வந்தது.

எம்-16 இலேசானதற்குப் பாதிக் காரணம் அந்தத் தோட்டாதான். பழைய எஸ்.எல்.ஆர். ரைபிளின் 7.62 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று ஏறத்தாழ 24 கிராம், 5.56 மில்லிமீட்டர் தோட்டா அதில் பாதி. 200 தோட்டாக்கள் என்றால் முதுகில் 2.4 கிலோ குறைகிறது. பின்னுதைப்பும் குறைகிறது. இந்தக் குறைப்பில் தோளுக்கு நட்டமில்லை, தொலைவில்தான் நட்டம். சிறு குண்டு தூரம் போகப் போக வலுவிழக்கும்.

இந்தியாவின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். திருச்சியிலும் இச்சாப்பூரிலும் உற்பத்தியான இன்சாஸ் ரைபிள் 5.56 தோட்டாவுக்கு மாறியது. ஆனால் ரைபிளின் எடை 4 கிலோவுக்கு மேலேயே நின்றது. தோட்டாக்களை அடைக்கும் பெட்டியைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். 1999இல் கார்கில் குளிரில் அந்தப் பெட்டிகள் விரிசல் விடுவதாகப் புகார் எழுந்தது. சில கிராம் மிச்சப்படுத்திய பொருள், பனிமலையில் ஒரு சிப்பாயின் உயிரோடு விளையாடியது. 2019இல் இந்திய இராணுவம் 72,400 சிக்-716 ரைபிள்களை வாங்க ஒப்பந்தம் போட்டது. அவை மீண்டும் 7.62 தோட்டாவுக்கானவை. அமெரிக்காவும் 2022இல் 6.8 மில்லிமீட்டர் ரைபிளைத் தேர்ந்தெடுத்தது. அது பழைய எம்-4ஐ விடக் கனமானது. ஒரு வீரர் வழக்கமாகச் சுமக்கும் தோட்டாக்கள் 210இலிருந்து 140ஆகக் குறைகின்றன. அங்கே அதை எதிர்ப்பவர்களும் உண்டு. இன்னும் முடியாத வாதம் அது.

மறுபக்கம் விளையாட்டைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடும் ஈயக் குண்டு அரை கிராம் அளவுதான். பின்னுதைப்பு என்று சொல்லவே ஒன்றுமில்லை. ஆனாலும் போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் களமிறங்கிய நம் நூர் சூர்யானி தைபி சுட்டது இந்தப் போட்டியில்தான். நின்ற இடத்திலேயே சுடுபவருக்கு எடை நண்பன். மூச்சும் நாடித்துடிப்பும் கனமான துப்பாக்கியை எளிதில் அசைக்க முடியாது. மலையில் சாபமாக இருப்பது அரங்கில் வரமாகிறது.

ஆகவே "எது சிறந்த துப்பாக்கி?" என்ற கேள்விக்கு விடையில்லை. யார், எங்கே, எத்தனை முறை சுடப்போகிறார் என்று தெரிந்த பிறகே விடை வரும். நம் எஸ்.பி.எம். கணக்குகள் முதல் வரியோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது வரியாக, "எடையை 2 கிலோவாகக் குறைத்தால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்?" என்று சேர்க்கலாம். அதற்கு எப்படிப் புள்ளி போடுவது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கட்டுரைக்குப் புள்ளி போடுகிறோமே, காரணம் சொல்வதற்குப் போட முடியாதா? வகுப்பறையில் துப்பாக்கிப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் துப்பாக்கியைக் கணக்கில் கொண்டுவந்தது நானல்ல. வேண்டாம் என்றால் நாற்காலியை வைத்துக் கேட்போம். மூவாரில் தளவாடத் தொழிற்சாலைகளுக்கா பஞ்சம்?

அந்தப் பின்வரிசை மாணவனிடம் அதைத்தான் கேட்டேன். அவன் அப்பா வேலை செய்வது அப்படியோர் இடத்தில். மறுநாள் வந்து சொன்னான்: "அப்பாகிட்ட கேட்டேன் சார். ரப்பர் மரக் காலை மெலிசாக்கினா கொள்கலன்ல ஏத்த இலேசு, வாங்கறவங்களுக்கும் பார்க்க அழகு. ஆனா ஆட்டம் கண்டு திரும்பி வர்ற நாற்காலிய ஒட்டறது அப்பாதானாம்."

மெலிசு என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். நான்காம் அடுக்கு அங்கேயும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.