சூடானா சரியாயிடும் சார்!

"சூடானா சரியாயிடும் சார்." இந்த ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சுங்க. சூடானா சரியாகுதுன்னு எனக்கும்தான் தெரியும். எஞ்சின் ஆறியிருக்கறப்ப மட்டும் ஏன் வெடிக்குது? அதைத்தானே கேக்கறேன்!

எங்க வீட்டுல இருக்கறது பழைய கார்புரேட்டர் கார். காலையில எடுத்து ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா பானெட்டுக்குள்ள 'டப்'. பள்ளிக்கூடம் போற குழந்தைங்க மிரண்டு ஒதுங்குதுங்க. சிக்னல்ல இன்னொரு 'டப்', வண்டி அப்படியே ஆஃப். பின்னாடி ஹாரன் சத்தம். கொஞ்ச தூரம் போய் எஞ்சின் சூடாயிட்டா, எதுவுமே நடக்காத மாதிரி ஓடுது.

ஒர்க்‌ஷாப்ல என்ன செஞ்சாங்க? பிளக்கை மாத்தினாங்க. வெடிச்சது. காயிலை மாத்தினாங்க. அப்பவும் வெடிச்சது. இப்ப கார்புரேட்டரே போச்சு, வேற தேடுங்கன்னு சொல்றாங்க. ஏங்க, டைமிங் தப்பா இருந்தா சூடானப்புறமும் அடிக்கணுமே? காயில் கோளாறு பெரும்பாலும் சூட்டுலதானே தலை காட்டும்? ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கக் கூடாதா?

முதல்ல கேக்க வேண்டியது, சத்தம் முன்னாடியா பின்னாடியாங்கறதுதான். சைலன்சர்ல வெடிச்சா, சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் அங்க போய் எரியுதுன்னு அர்த்தம். எங்க கார்ல சத்தம் வர்றது ஏர் ஃபில்டர் பக்கம். ஆறின எஞ்சின்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, துளித்துளியா மேனிஃபோல்டு சுவத்துலயே ஒட்டிக்கும். சிலிண்டருக்குப் போறது பெட்ரோல் குறைஞ்ச லீன் மிக்ஸ்சர். அது மெதுவா எரியும். அடுத்த சுத்துக்கு இன்டேக் வால்வு திறக்கறப்பகூட நெருப்பு மிச்சம் இருக்கும், அது அப்படியே கார்புரேட்டர் பக்கம் திரும்பிப் பாயும். அதைத் தடுக்கத்தானே சோக்னு ஒண்ணு வச்சிருக்காங்க? சோக் இழுத்தா காத்தை அடைக்கற அதோட தகடு முழுசா மூடுதா, கேபிள் தொய்ஞ்சிருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாக்கலை. மிதிச்சதும் ஆக்ஸிலரேட்டர் பம்ப் பெட்ரோல் பீச்சுதான்னு பாக்கலை. வேக்யூம் ஹோஸ்ல கீறல் விட்டு அதிகக் காத்து உள்ள போகலாம். மேனிஃபோல்டு பேக்கிங் ஆறினா இடைவெளி விட்டு, சூட்டுல விரிஞ்சு அடைச்சுக்கலாம். எல்லாம் கண்ணும் கையும் இருந்தா கண்டுபிடிக்கற விஷயம்.

பெட்ரோல் பங்க்ல இப்ப ஊத்தறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். கார்புரேட்டர்ல பழைய ஜெட்டை அப்படியே வச்சிருந்தா மிக்ஸ்சர் இன்னும் லீன் ஆகும். போதாததுக்கு எத்தனால் குளிர்ல ஆவியாகறதும் கஷ்டம், பழைய ரப்பர் ஹோஸையும் அரிக்கும். பழைய வண்டிக்காரங்களைப் பக்கத்துல உக்கார வச்சு இதைச் சொல்ல ஒரு ஆள் வேணாமா?

இன்ஜெக்‌ஷன் கார் வச்சிருக்கறவங்க நிலைமையும் இதுதான். கூலன்ட் சென்சார் கெட்டு, ஆறின எஞ்சினை சூடா இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொன்னா, பெட்ரோல் குறைஞ்சு இதே கூத்து நடக்கும். மல்டிமீட்டரை வச்சு அளந்தா தெரிஞ்சுடும். ஆனா ஸ்கேனர்ல எரர் கோடு வரலைன்னா கோளாறே இல்லைன்னு அனுப்பிடறாங்க.

எனக்கு எரிச்சல் பணத்தால இல்லைங்க. நோவு என்னன்னு கேக்காமலே மருந்து மாத்தற பழக்கம் எல்லா வேலையிலயும் ஊறிப்போச்சு. மாத்தின பார்ட்டுக்கு பில் போடலாம், யோசிச்ச நேரத்துக்கு யாரும் காசு குடுக்கறதில்லை. அதனால யோசிக்கறதையே விட்டுட்டாங்க. வண்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரறதுக்குள்ள எஞ்சின் சூடாயிடுது. "எங்க சார் வெடிக்குது?"ன்னு என்னையே கேக்கறாங்க. ராத்திரி இங்கயே நிக்கட்டும், காலையில நான் வந்தப்புறம் நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கன்னு கெஞ்சினேன்.

"ராத்திரி நிறுத்த இடமில்லை சார்."