ஏகனாபுரமும் எழுத்தில் வராத நெருக்கடியும்

சீனாவில் அரசை விமர்சிப்பவர்களுக்குக் காவல்துறையிடமிருந்து "தேநீர் அருந்த வாருங்கள்" என்று அழைப்பு வருவதுண்டு. கைதும் இல்லை, வழக்கும் இல்லை. ஆனால் எச்சரிக்கை என்னவென்று போனவருக்குப் புரிந்துவிடும். அதற்கும் அடங்காதவர்களுக்குச் சிறை. உய்குர் முஸ்லிம் பேராசிரியர் இல்ஹாம் தோஹ்திக்கு 2014இல் ஆயுள் தண்டனையே விதித்தார்கள்.

தேர்தலும் நீதிமன்றமும் உள்ள நம் நாட்டைச் சீனாவோடு சமமாக வைக்க முடியாது. ஆனாலும் ஓசையில்லாத நெருக்கடி இங்கும் உண்டு. நமது காஞ்சிபுரம் மாவட்டமே அதற்குச் சாட்சி.

பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கும் மேல் நிலம் தேவை. ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், தொடர்ந்து போராடினார்கள், 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தார்கள். பதிலுக்கு வழக்குகளும் கெடுபிடிகளும் வந்தன. 2025 ஜனவரி 20 அன்று தவெக தலைவர் விஜய் அவர்களைச் சந்திக்க வந்தபோதும், பொடவூரில் ஒரு திருமண மண்டபத்தில்தான் அனுமதி கிடைத்தது.

பக்கத்து மாவட்டத்தில், செய்யாறு அருகே, மேல்மா சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. அச்சட்டத்தில் வழக்கு விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். கண்டனம் வலுத்த பிறகே 6 பேர் மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. சிறைக்குப் போவது ஏழு பேர்தான். வாயை மூடிக்கொள்வதோ சுற்றியுள்ள நூறு குடும்பங்கள். "உனக்கெதற்கு வம்பு?" என்று பெற்றோரே பிள்ளையைத் தடுக்கும்போது அரசின் வேலை பாதி முடிந்துவிடுகிறது.

வாய்மொழியாக வரும் மிரட்டலை எதிர்த்து எங்கும் முறையிட முடிவதில்லை. காகிதத்தில் வந்தால் வழக்கறிஞரிடம் காட்டலாம், நீதிமன்றம் போகலாம். ஆகவே சட்டத்தைக் குடும்பத்தோடு தெரிந்துகொள்வோம். சாட்சியாக விசாரிக்க அழைப்பதென்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவுப்படி காவல்துறை எழுத்தில் உத்தரவு தர வேண்டும். பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அமைதி காப்பதாகப் பிணை கேட்டால், காரணத்தைக் குறிப்பிட்டு நிர்வாக நடுவர் எழுத்தில் உத்தரவிட வேண்டும் என்கிறது 130ஆம் பிரிவு. "எழுத்தில் கொடுங்கள் ஐயா" என்று மரியாதையாகக் கேட்பது குற்றமல்ல.

விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நமக்குள் இரு கருத்து இருக்கலாம். நிலம் கொடுக்க வேண்டியவர் அச்சமின்றிப் பேசலாமா என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. 2020இல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வண்ணாரப்பேட்டையில் நம் பெண்கள் அமர்ந்தபோது, பிற சமயத்தவரும் வந்து உடன் நின்றார்கள். ஏகனாபுரத்தில் நமக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் கடமை நமக்கு உண்டு.