பத்து மீட்டர் தூரம்

கிபாலே காட்டுக்குப் போகிறேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: சிம்பன்சியை எவ்வளவு கிட்டத்தில் பார்க்கலாம்? எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

மேற்கு உகாண்டாவில் ஃபோர்ட் போர்ட்டல் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த மழைக்காடு. சுமார் 795 சதுர கிலோமீட்டர். 1993-இல் தேசியப் பூங்கா ஆனது. குரங்கினங்கள் மட்டும் 13 வகை. சிம்பன்சிகள் ஏறக்குறைய 1,500. பூங்காவின் பார்வையாளர் மையமான கன்யாஞ்சுவிலிருந்து வழிகாட்டியோடு நடக்கத் தொடங்கினால் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் வேலை. தூரத்தில் ஒன்று கூவும், இன்னொன்று பதில் கூவும், அடுத்து பெருமரங்களின் பலகை வேர்களை உதைத்து முரசறைவது போன்ற அதிர்வு. அத்தி பழுத்த மரத்தடியில் கூட்டத்தைக் கண்டுவிட்டால் அதன்பின் ஒரு மணி நேரம்தான். முகக்கவசம் கட்டாயம். சுமார் 10 மீட்டர் விலகி நிற்க வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் உயிர்கள் போன கதை இருக்கிறது. 2013-இல் இதே காட்டின் கன்யவாரா பகுதியில், ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவந்த 56 சிம்பன்சிகளில் 5 இருமி இருமியே இறந்தன. இறந்த இரண்டு வயதுக் குட்டியின் உடலில் கிடைத்தது ரைனோ வைரஸ் சி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்க வைக்கும் கிருமி! மனிதக் குழந்தைகளில் சிலரை அந்தக் கிருமிக்கு எளிதில் இரையாக்கும் மரபணு வடிவம், சோதித்துப் பார்த்த சிம்பன்சிகள் அனைத்திடமும் இருந்தது. ஆகவே தொண்டை கரகரத்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். கட்டிய பணம் போனாலும் போகட்டும்.

பறவை ஆர்வலர்களுக்கு வேறு வழி. இருட்டோடு கிளம்ப வேண்டும், பச்சைமார்பு பிட்டாவுக்காக. நம் ஊர் ஆறுமணிக்குருவியின் உறவுக்காரன். பெரும்பாலும் விடியும் நேரத்தில்தான் துள்ளித் துள்ளிக் குரல் கொடுக்கும். வெளிச்சம் ஏறியபின் சருகுக்குள் அதைத் தேடிக் கண்டவர் குறைவு.

பார்க்கப் போகிற நமக்கு விலகி நிற்பது எளிது. காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு அது வாய்ப்பதில்லை. யானை இறங்கினால் ஒரே இரவில் சோளம் போய்விடும். பபூன் குரங்குகளை விரட்டப் பிள்ளைகள் வயலில் காவல் நிற்க வேண்டும். காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் வைக்கிற சுருக்குக் கம்பியில் சிம்பன்சியின் கை மாட்டுகிறது. விரலிழந்தும் மணிக்கட்டு சூம்பியும் மரமேறுகிறவற்றை இங்கே பார்க்கலாம். கம்பி வைத்தவர்மேல் மட்டும் கோபப்பட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. அவர் வயலுக்கு நேர்ந்த நட்டத்துக்கு யார் ஈடு தந்தார்கள்?

அதனால்தான் பக்கத்துக் கிராமமான பிகோடியை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். அங்குள்ள சதுப்பு நிலத்தைக் கிராமத்தார் 1992 முதல் தாங்களே அமைப்பு வைத்துக் காத்து, தாங்களே வழிகாட்டிகளாக அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். வரும் பணத்தில் பள்ளிக்கூடமே எழும்பியிருக்கிறது. சிவப்பு கொலோபஸ் குரங்குகளும் பெரிய நீலத் துராக்கோப் பறவையும் பாப்பிரஸ் கோரையோரத்தில் நடந்தபடியே கண்ணில் படும். சிம்பன்சிக்கு ஒரு நாள் என்றால் பிகோடிக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.